அட்டையில் அச்சிட்ட வேகமும் அட்டையின் நம்பகமும்

கேள்வி, ஜூன் 4

புதிதாக 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறேன். அதில் இரண்டு எஸ்டி அட்டைகளைச் செருக இடமுண்டு. பெரும்பாலும் ஒளிப்படம், அவ்வப்போது 4கே காணொளி எடுப்பேன். வினாடிக்கு 200 மெகாபைட் என்று அச்சிட்ட 256 ஜிபி மெமரி கார்டு ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். வேகம் கூடினால் விலை கூடுகிறது, விலை கூடியது தரமாக இருக்கும், எனவே வேகமான அட்டையே நம்பகமானது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஜூன் 4, பிற்பகல்

வைத்துக்கொள்ள முடியாது. வேகம் வேறு, நம்பகம் வேறு; ஒன்றுக்குக் காசு கொடுத்தால் மற்றது கூடவே வந்துவிடாது. வேகத்தைப் பற்றிய கணக்கு எளிது என்பதால் முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

அட்டையின் முகப்பில் பெரிதாக நிற்கும் 200 என்பது படிக்கும் வேகத்தின் உச்சம். கணினிக்குப் படங்களை நகலெடுக்கும்போது, எல்லாம் கூடிவந்தால், அது கிடைக்கலாம். கேமராவுக்கு வேண்டியதோ எழுதும் வேகம். காணொளிக்கு, இடையில் சரியாமல் நிலைத்து நிற்கும் எழுதும் வேகம். அதைப் பெரிய எழுத்தில் யாரும் அச்சிடுவதில்லை, ஓரத்தில் இருக்கும் சிறு குறிகளில்தான் தேட வேண்டும். ஆங்கில ‘சி’ எழுத்தின் வளைவுக்குள் 10 என்றிருந்தால் வினாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது என்று பொருள். ‘யு’ எழுத்துக்குள் 1 என்றிருந்தாலும் அதே 10தான், 3 என்றிருந்தால் 30. ‘வி’ எழுத்தை ஒட்டி 30, 60, 90 என எந்த எண் வருகிறதோ அதுவே குறைந்தபட்ச மெகாபைட். ‘ஏ1’, ‘ஏ2’ என்ற குறிகள் கைபேசியில் செயலிகளை அட்டையிலிருந்தே இயக்குபவர்களுக்கானவை. கேமராக்காரர்கள் அவற்றைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

யுஎச்எஸ்-1 என்ற இணைப்பு முறையின் உச்சவரம்பே வினாடிக்கு 104 மெகாபைட்தான். அப்படியிருக்க, அந்தக் குறியைத் தாங்கிய அட்டை 170 என்றும் 200 என்றும் எப்படிச் சொல்லிக்கொள்கிறது? தயாரிப்பாளர் தம் சொந்த ஏற்பாட்டின்படி, அதற்கு ஒத்துப்போகும் கார்டு ரீடரில் மட்டும் எட்டும் வேகத்தை அச்சிட்டுவிடுகிறார். கேமராவுக்குள் நுழைந்ததும் அந்த அட்டை 104-க்குள் அடங்கிப்போகும். அட்டையின் பின்புறத்தில் இரண்டாவது வரிசையாகவும் உலோகத் தொடுமுனைகள் தெரிந்தால் அது யுஎச்எஸ்-2, அதன் வரம்பு 312. ஆனால் கேமராவுக்குள்ளும் அந்த இரண்டாம் வரிசைக்கு இணை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டை குறையின்றி இயங்கும், வேகம் மட்டும் முதல் வரிசையோடு நின்றுவிடும்.

ஜூன் 4, இரவு

எழுத விட்டுப்போன ஒன்று. கேமராவின் கையேடு காணொளியை மெகாபிட்டில் சொல்கிறது, அட்டை மெகாபைட்டில் சொல்கிறது; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், எனவே கையேட்டில் உள்ள எண்ணை 8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 100 மெகாபிட் 4கே காணொளிக்கு வினாடிக்கு 12.5 மெகாபைட் போதும், அதற்கு வி30 தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட் வேண்டும், அதற்கு வி60. இந்த வகுத்தலைச் செய்யாமலே வி90 வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய அட்டைகள் நன்றாகவே இருக்கின்றன, பாதிக்கு மேல் சும்மா இருக்கின்றன.

ஜூன் 5

பறவைகளைத் தொடர்ச்சியாகப் படமெடுப்பவர்களுக்கும் வி30 போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 மெகாபைட் என்று கொண்டால், வினாடிக்குப் பத்துப் படம் என்பது 250 மெகாபைட். யுஎச்எஸ்-1 அட்டை எதனாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. கேமரா தன் தற்காலிக நினைவகத்தில் படங்களைத் தேக்கிவைத்து மெல்ல மெல்ல அட்டைக்கு இறக்குகிறது. தேக்கம் நிரம்பியதும் ஷட்டர் திணறுகிறது. வேகமான அட்டை வாங்குவது அந்தத் திணறல் சீக்கிரம் தெளிவதற்காகத்தான். இப்படி எடுப்பவர்களுக்கு மட்டும், கேமராவும் ஏற்குமானால், யுஎச்எஸ்-2 அட்டைக்குச் செலவழிப்பது நியாயம் என்பேன். கேள்வி கேட்டவர் அப்படி எடுப்பதாகத் தெரியவில்லை.

ஜூன் 7

இனி நம்பகத்துக்கு வருகிறேன்.

அட்டைக்குள் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்னும் நினைவகம்; 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கியதன் வழித்தோன்றல். மின்னூட்டத்தைப் பூட்டிவைக்கும் நுண்ணறைகளின் பெருந்தொகுதி அது. தொடக்கத்தில் ஓர் அறைக்கு ஒரு பிட் வைத்தார்கள், பின்னர் இரண்டு, மூன்று, நான்கு என்று நெருக்கினார்கள். நெருக்க நெருக்கக் கொள்ளளவு மலிவாகிறது, ஓர் அறையை எத்தனை முறை அழித்து எழுதலாம் என்ற எண்ணிக்கை குறைகிறது. எந்த அறைகளும் அளவுக்கு மீறித் தேயாதபடி வேலையைப் பங்கிடுவது, கெட்டுப்போன பகுதிகளை ஒதுக்கிவிட்டு உபரிப் பகுதிகளைக் கொண்டுவருவது, படிக்கும்போது நேரும் சிறு பிழைகளைத் திருத்துவது ஆகிய எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் என்ற சில்லு பார்த்துக்கொள்கிறது.

எனவே அறைகள் தேய்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கேமராக்காரர்களுக்கு அந்த அச்சம் தேவையில்லை என்பது என் கருத்து. இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கும் கண்காணிப்புக் கேமராவின் கதை வேறு. நாமோ ஓர் அட்டையை நிரப்புகிறோம், நகலெடுக்கிறோம், அழிக்கிறோம், மறுபடி நிரப்பச் சில நாட்களோ வாரங்களோ ஆகின்றன. என் கையில் உயிர்விட்ட அட்டைகள் தேய்மானத்தால் போனவையாகத் தோன்றவில்லை. ஒன்றின் பிளாஸ்டிக் ஓடு விளிம்பில் பிரிந்துவிட்டது. இன்னொன்று எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு நாள் எந்தக் கருவிக்கும் தன்னை அடையாளம் காட்ட மறுத்துவிட்டது. அதற்குக் காரணம் கன்ட்ரோலர் என்றுதான் ஊகிக்கிறேன். இரண்டுமே கெட்ட பெயர் எடுத்த அட்டைகள் அல்ல.

எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டவர்களுக்கு ஒரு சொல். அட்டையின் மேல் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் சில்லைச் செய்தவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை, பெயரும் ஒரே கையில் இருப்பதில்லை. லெக்ஸார் 2006-இல் மைக்ரானிடம் போனது. 2017-இல் மைக்ரான் அந்த வணிகத்தை நிறுத்த, அதே ஆண்டில் பெயரை லாங்சிஸ் வாங்கியது. சான்டிஸ்க் 2016-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குள் சென்று 2025-இல் மறுபடி தனியானது. தோஷிபாவின் நினைவகப் பிரிவு 2019-இல் கியோக்சியா ஆனது. இதனால் எந்தப் பெயரும் தாழ்ந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. பத்தாண்டுக்கு முன் வாங்கிய அட்டை இன்னும் ஓடுகிறது என்ற சாட்சியம், அதே பெயரில் இன்று விற்கும் அட்டைக்குச் செல்லாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஜூன் 8

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அப்படியானால் பெயர் தெரியாத மலிவான அட்டையே போதுமே என்று ஒருவர் முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த முடிவு என் குறிப்பிலிருந்து கிடைக்காது. பெயருள்ள நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன, தம் குறிகளுக்குப் பொறுப்பேற்கின்றன. நான் சொன்னது, பெயருக்குள் ஒன்றை மற்றொன்றுக்கு மேல் ஏற்றிவைத்துச் சண்டையிடுவதில் பொருளில்லை என்பது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பெயரையே போலியாக ஒட்டி விற்கும் அட்டை.

போலி அட்டை எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். உள்ளே உண்மையில் 8 ஜிபி நினைவகம் இருக்கும். கேமரா கேட்டால் 64 என்று சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். முதல் 8 ஜிபி வரை எடுக்கும் படங்கள் ஒழுங்காகப் பதியும். அதற்குப் பிறகு வருபவற்றை அட்டை காற்றில் விட்டுவிடும், அல்லது பழையவற்றின் மேலேயே எழுதும். கேமரா எந்தப் பிழையும் காட்டாது. எடுத்தவுடன் திரையில் தோன்றும் படம் கேமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வருவதால் அதுவும் அழகாகவே இருக்கும். கோப்புப் பட்டியல் அட்டையின் தொடக்கப் பகுதியில் இருப்பதால், கணினியில் செருகினால் பெயர்கள், தேதிகள், அளவுகள் எல்லாம் கச்சிதமாக வரிசைகட்டி நிற்கும். திறந்து பார்த்தால்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் கொண்டுவந்த அட்டையில் எல்லையில் சிக்கிய படம் ஒன்று இருந்தது. மேலே கால்பங்கு வானமும் ஒரு மரக்கிளையும் துல்லியமாகத் தெரிந்தன. அதற்குக் கீழே விளிம்பு வரை ஒரே சாம்பல் நிறம். அதற்கடுத்த கோப்புகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முயலாதீர்கள். அச்சின் நேர்த்தி, எழுத்தின் தடிமன் என்று ஆராய்ச்சி செய்பவர்களைவிடப் போலி அச்சிடுபவர்கள் கூர்மையாக ஆராய்கிறார்கள். வாங்கியவுடன் அட்டை முழுவதையும் நிரப்பிச் சோதிப்பதே வழி. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரல் இருக்கிறது, ஜெர்மனியின் c't என்ற கணினி இதழிலிருந்து வந்தது. லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 இருக்கிறது. இரண்டும் செய்வது ஒன்றே: தெரிந்த தரவால் அட்டையைக் கடைசி மெகாபைட் வரை நிரப்பி, பின்பு திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகின்றன. வினாடிக்கு 30 மெகாபைட் எழுதினால் 128 ஜிபி நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பிறந்தவுடன் கெட்டிருக்கும் உண்மையான அட்டையும் இதில் பிடிபட்டுவிடும் என்பதால், நம்பிக்கையான கடையில் வாங்கியதையும் நான் இப்படிச் சோதிக்காமல் வெளியே எடுத்துச் செல்வதில்லை.

ஜூன் 9

64 ஜிபி அட்டை கணினியில் 59.6 என்று காட்டுகிறது, போலியா என்று கேட்டவருக்கு: போலியில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது. இருவரும் அதே பைட்டுகளைத்தான் எண்ணுகிறார்கள். போலிக்காரர்தான் பாவம், எதையும் எண்ணுவதில்லை.

ஜூன் 12

ஒரு பெரிய அட்டையா, பல சிறிய அட்டைகளா? கேள்வியில் 256 ஜிபி ஒன்றே போதும் என்றிருந்தது. கீழே கருத்து எழுதியவர்களில் பெரும்பாலோர் எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள் என்கிறார்கள். 36 படங்களுக்கு ஒருமுறை சுருள் மாற்றிய காலத்தின் பழக்கம் நம் கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. நானும் நெடுங்காலம் சிறிய அட்டைகளின் பக்கம்தான் நின்றேன். ஓர் அட்டை போனால் நிகழ்ச்சியின் ஒரு பகுதிதான் போகும் என்ற கணக்கு கேட்க நன்றாக இருக்கும்.

ஆனால் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். அட்டையை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அது தவறி விழலாம், வியர்வைக் கை தொடுமுனைகளில் படலாம், எழுதி முடிப்பதற்குள் கேமராவின் கதவைத் திறந்துவிடலாம், நிரம்பிய அட்டையை வெற்று அட்டை என்று எண்ணி அழித்துவிடலாம். எட்டுச் சிறு அட்டைகளில் ஒன்று தொலைவதற்கான வாய்ப்பு, கேமராவுக்குள் அசையாமல் இருக்கும் ஓர் அட்டை தொலைவதைவிட அதிகம். அதோடு, திருமணத்தில் முகூர்த்தத்தைத் தாங்கிய அட்டை போய்விட்டால், மற்ற ஏழில் விருந்தும் வரவேற்பும் பத்திரமாக இருக்கின்றன என்று யாரைத் தேற்றுவது?

எனவே கூடைகளின் எண்ணிக்கை எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. ஒவ்வொரு படமும் எடுத்த கணத்திலேயே இரண்டு இடத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. உங்கள் கேமராவில் இரண்டு அட்டைகள் செல்லும் என்றால், அமைப்புப் பட்டியலில் ‘ஒன்று நிரம்பியதும் அடுத்தது’ என்பதை விட்டுவிட்டு ‘இரண்டிலும் ஒரே நேரத்தில்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 256 ஒன்றுக்குப் பதிலாக 128 இரண்டு வாங்குங்கள். ஒரே ஓர் அட்டைதான் செல்லும் என்ற கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சிறிய அட்டைகளின் வாதத்தில் இன்னும் பலம் இருக்கிறது.

ஜூன் 13

மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு உண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்போது, மெதுவான அட்டையின் வேகமே கேமராவின் வேகமாகிவிடும். ஒரு பக்கம் யுஎச்எஸ்-2 அட்டையும் மறுபக்கம் மேசை டிராயரில் கிடந்த பழையதும் போட்டுவிட்டு, கேமரா மந்தமாகிவிட்டது என்று நிறுவனத்தை வையக் கூடாது. இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். முடிந்தால் வெவ்வேறு சமயத்தில் வாங்கியவையாக இருக்கட்டும், ஒரே தொகுதியின் குறை இரண்டிலும் இருக்கும் வாய்ப்பு குறையும்.

சில கேமராக்களில் இரண்டாவது இடம் யுஎச்எஸ்-1 மட்டுமே என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 20

ஃபார்மேட், அதாவது அட்டையைத் துடைத்துப் புதிதாக அமைப்பதை, கேமராவில் செய்வதா கணினியில் செய்வதா என்ற வாக்குவாதம் ஒரு வாரமாக நீள்கிறது. என் வழக்கம் இது: படங்கள் கணினியில் இரண்டு இடங்களில் சேர்ந்து, சிலவற்றைத் திறந்தும் பார்த்த பிறகு, அட்டையைக் கேமராவுக்குள் வைத்து கேமராவின் பட்டியலிலிருந்தே ஃபார்மேட் செய்வேன். கணினியில் அட்டையைத் திறந்து ஒவ்வொரு படமாக அழிப்பதில்லை. 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி அட்டைகள் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 முறையிலும், அதற்கு மேல் 2 டிபி வரையிலான எஸ்டிஎக்ஸ்சி அட்டைகள் எக்ஸ்ஃபேட் முறையிலும் அமைய வேண்டும். கணினி வேறு முறையில் அமைத்துவிட்டால் கேமரா அட்டையை ஏற்காமல் போகலாம். கேமரா தனக்கு வேண்டியதைத் தானே அமைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. கணினியில்தான் செய்தாக வேண்டுமென்றால் எஸ்டி சங்கமே வெளியிட்டிருக்கும் ஃபார்மேட்டர் நிரலைப் பயன்படுத்துங்கள்.

கேமராவில் தவறி ஃபார்மேட் செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பொதுவாக நடப்பது, புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும், மேலே புதிதாக எழுதும் வரை. உடனே படமெடுப்பதை நிறுத்தி அட்டையை வெளியே எடுங்கள். போட்டோரெக் போன்ற இலவச நிரல் பட்டியலைப் பார்க்காமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் முறையை வைத்து அட்டை முழுவதையும் துழாவிப் படங்களை எடுத்துவிடும். பழைய கோப்புப் பெயர்கள் கிடைக்காது. மீட்டவற்றை அதே அட்டையில் சேமிக்காதீர்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் செய்துவிடுகிறார். எல்லாக் கேமராவும் எப்போதும் இப்படி மேலோட்டமாகவே அழிப்பதில்லை. முழுமையாக அழிக்கும் தேர்வு உள்ளவையும் உண்டு. ஆகவே இதை அவசர வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 21

அட்டை பூட்டப்பட்டிருக்கிறது என்று கேமரா அடம்பிடிக்கிறதாம், ஆனால் பக்கவாட்டுத் தாழ் திறந்தே இருக்கிறதாம். அந்தத் தாழ் வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதற்கும் உள்ளே இருக்கும் சில்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கேமராவுக்குள் இருக்கும் சிறு விசை தடவிப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. தாழ் தளர்ந்து, உள்ளே தள்ளும்போது தானே இறங்கிவிட்டால் கேமரா அதைப் பூட்டு என்றே கொள்ளும். அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த நாடா உள்ளே உரிந்து சிக்கினால் அட்டையோடு போகவேண்டிய செலவு கேமராவுக்கு வரும். படங்களை எடுத்துவிட்டு அட்டைக்கு விடைகொடுங்கள்.

இன்னொருவரின் கேமரா, அட்டையில் இடமிருந்தும் படமெடுக்க மறுக்கிறதாம். கோப்பு எண் 9999-ஐயும் கோப்புறை எண் 999-ஐயும் எட்டிவிட்டால் அப்படி நிற்கும். எண்ணிக்கையை மீளமைத்து, அட்டையை ஃபார்மேட் செய்தால் நகரும். இதை இயல்பாக எட்டியவர் என்றால் அவருக்கு என் வணக்கம்; கேமராவுக்குக் கொஞ்சம் ஓய்வு.

ஜூலை 2

ஓர் அட்டையை எப்போது கைவிடுவது? நம் அட்டைகளில் ஆயுளைக் காட்டும் அளவுகோல் பெரும்பாலும் இல்லை. எழுதும் விளக்கு வழக்கத்தைவிட நெடுநேரம் எரிவது, ஒரே ஒரு கோப்பு திறக்காமல் போவது, கணினி காரணமின்றி ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்பது, இவற்றில் எதையாவது பார்த்தால் முதலில் வேறு ரீடரில் செருகிப் பார்ப்பேன், ஏனென்றால் பாதிப் பழி ரீடருக்கு உரியது. அங்கும் அப்படியே என்றால் முழுச் சோதனை. அதில் ஒரு பிழை வந்தாலும் அந்த அட்டை என் பையில் இருக்காது. சந்தேகத்துக்குரியதை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள், வீட்டில் எடுக்கும் படங்களை எதற்காக எடுக்கிறார்கள் என்று யோசிக்கட்டும்.

கேமராவில் மைக்ரோஎஸ்டி அட்டையை அடாப்டருக்குள் வைத்துப் பயன்படுத்துவதையும் நான் தவிர்க்கிறேன். இயங்காது என்பதால் அல்ல. அட்டைக்கும் கேமராவுக்கும் நடுவே இன்னொரு தொடர்பு வரிசை எதற்கு? நிரம்பிய அட்டைகளை அப்படியே பெட்டியில் போட்டுப் பல ஆண்டு காப்பகமாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். அறைகளில் பூட்டிய மின்னூட்டம் மெல்லக் கசியும் இயல்புடையது. அட்டை படத்தைக் கணினி வரை சுமந்துவர மட்டுமே.

ஜூலை 9

கேள்வி கேட்டவர் வி30 குறியுள்ள 128 ஜிபி அட்டைகள் இரண்டு வாங்கி, முழுச் சோதனையும் செய்து, முடிவை எழுதியிருக்கிறார்: பிழை ஒன்றும் இல்லை, ஆனால் படிக்கும் வேகம் வினாடிக்கு 40 மெகாபைட்டைத் தொடவில்லை, ஆகவே போலியாக இருக்குமோ என்று கலங்குகிறார். கடைசி மெகாபைட் வரை எழுதியது அப்படியே திரும்பி வந்திருக்கிறது என்றால் கொள்ளளவு உண்மை. இரண்டு அட்டைகளும் ஒரே எண்ணில் முட்டிக்கொண்டு நிற்பது, தடை அட்டைக்கு வெளியே இருப்பதைக் காட்டுகிறது. உங்கள் ரீடரோ அதைச் செருகிய துளையோ யுஎஸ்பி 2 ஆக இருக்கும்; அதன் ஏட்டளவு வேகமே 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட், கையில் வருவது அதைவிடக் குறைவு. யுஎஸ்பி 3 ரீடரில், அதற்குரிய துளையில் செருகி, சில படங்களை நகலெடுத்துப் பாருங்கள். முழுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டியதில்லை.